ஊர் கூடி எழுப்பிய பள்ளி

கல்வி யாருடைய பொறுப்பு என்னும் வினாவிற்குப் பல விடைகள் உண்டு. பெற்றோர் கடமை என்பர் சிலர். அரசின் கடமை என்பர் வேறு சிலர். திருச்சபையின் பள்ளிகளில் பயின்று வளர்ந்த நாமோ, சாமியாரும் கன்னியரும் பார்த்துக்கொள்வர் என்று இருந்து பழகிவிட்டோம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று நினைவூட்டியது. சமுதாயம் முழுவதும் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்றும் கூறியது. இக்கருத்தைக் கேட்டுத் தலையசைப்பது எளிது. பெற்றோர், ஊரார், தொழில் நிறுவனம், ஊராட்சி, பங்கு என்னும் பலரும் ஒரே நுகத்தில் தோள் கொடுத்து ஒரு பள்ளியை நடத்துவது எவ்வாறு? இதற்கு விடை காண, இசுப்பானிய நாட்டின் வடக்கே பாஸ்க்கு மலைப்பகுதியிலுள்ள மோந்திராகோன் என்னும் சிற்றூரின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

காயமுற்ற ஊர்

1941ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் அவ்வூருக்கு ஓர் இளங்குரு உதவிப் பங்குத் தந்தையாக வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா. 1915இல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். குருப்பட்டம் பெற்றுச் சில வாரங்களே ஆனவர். பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயில விரும்பினார். ஆனால் ஆயர் அவரை ஆலைத் தொழிலாளர் நிறைந்த இவ்வூருக்கு அனுப்பினார்.

ஊரோ ஆறாத புண்ணோடு இருந்தது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர் குடும்பங்களையே இரு கூறாகப் பிளந்திருந்தது. அப்போரில் அவ்வூர்க் குருக்களே பிராங்கோவின் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். ஹோசே மரியாவும் மயிரிழையில் உயிர் தப்பியவர். பாஸ்க்கு மொழி நாளிதழ் ஒன்றில் எழுதிவந்த அவர், பிடிபட்டபோது தம்மைப் படைவீரர் என்று கூறியதால் போர்க்கைதியாக நடத்தப்பட்டார் என்பது வரலாறு. வென்றவரும் தோற்றவரும் ஒரே திருப்பலியில் முகம் பாராது நின்ற ஊர் அது. பசியும் காசநோயும் வேலையின்மையும் உடன் இருந்தன.

புதிய குருவின் மறையுரைகள் ஊராருக்குச் சுவைக்கவில்லை. அவருடைய குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, சொற்கள் கடினமாயிருந்தன. இவரை மாற்ற வேண்டும் என்று முணுமுணுத்தோரும் உண்டு. அவரோ பீடத்தை விட்டிறங்கி மிதிவண்டியில் ஊரைச் சுற்றினார். இளைஞரைத் திரட்டி விளையாட்டுக் கழகம் அமைத்தார். காசநோயாளருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி தேடினார். மாலை வேளைகளில் சிறு குழுக்களாக அமர்ந்து திருச்சபையின் சமூகப் போதனையைப் படிக்கவும் விவாதிக்கவும் செய்தார். இத்தகைய படிப்பு வட்டங்களை அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் இரண்டாயிரத்திற்கும் மேல் நடத்தினார் என்று அவர் மாணவர்கள் பின்னாளில் கணக்கிட்டனர்.

மூடிய கதவு

ஊரின் பெரிய தொழில் நிறுவனம் பூட்டும் இரும்புப் பொருள்களும் செய்யும் 'உனியோன் செர்ராஹேரா' ஆலை. அதற்கெனத் தொழில் பழகுநர் பள்ளி ஒன்று இருந்தது. பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளே அதில் சேர முடியும். பிறருக்குக் கிடைத்த இடங்கள் மிகச் சில. அங்கே மறைக்கல்வி கற்பித்த ஹோசே மரியா, ஊரின் மற்றப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிடுமாறு நிர்வாகத்தை வேண்டினார். அதற்கான செலவுக்கு ஊராரிடம் உதவி திரட்டித் தருவதாகவும் சொன்னார். நிர்வாகம் இசையவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். கதவு மூடப்பட்டபோது ஒரு குரு செய்யக்கூடியவை பல. ஆயரிடம் பணம் கேட்கலாம். வெளிநாட்டு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். செல்வர் ஒருவரைக் கண்டு அவர் பெயரில் கட்டடம் எழுப்பலாம். இவ்வழிகளில் பள்ளி விரைவில் எழும்பும். ஆனால் அது கொடுத்தவரின் பள்ளியாகவே நிற்கும். ஹோசே மரியா வேறு வழி கண்டார்.

தெருமுனைப் பெட்டிகள்

தெருமுனைகளில் வாக்குப் பெட்டிகளைப் போன்ற பெட்டிகள் வைக்கப்பட்டன. தொழிற்பள்ளி தொடங்கத் துணை செய்ய விரும்புவோர், தம்மால் தரக்கூடியதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இட வேண்டும். பணம் தர இயலாதவர் தம் உழைப்பையோ நேரத்தையோ தருவதாக எழுதலாம். ஏறத்தாழ 600 பேர் சீட்டு இட்டனர். இது ஊரின் வயதுவந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர்.

அன்றைய இசுப்பானியாவில் சர்வாதிகார ஆட்சி நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது. தம் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்க வழியற்றிருந்த மக்கள், தம் பிள்ளைகளின் கல்விக்காகத் தெருவில் இறங்கிப் பெட்டியில் சீட்டு இட்டனர். போரில் எதிரெதிர் அணியில் நின்ற குடும்பங்களின் சீட்டுகளும் ஒரே பெட்டியில் விழுந்திருக்கும். சீட்டு இட்டவர்க்குப் பள்ளியின் காரியங்களில் வாக்குரிமையும் உண்டு என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி. நன்கொடையாளர் என்று பெயர் பொறித்துக் கல்வெட்டு நாட்டி வழியனுப்பாமல், உறுப்பினர் என்று அவர்களைப் பள்ளிக்குள் அமர்த்திக்கொண்டனர்.

1943 அக்டோபரில் 20 மாணவர்களோடு தொழிற்பள்ளி தொடங்கியது. 1948இல் 'கல்வி பண்பாட்டுக் கழகம்' என்னும் சட்டப்பூர்வமான அமைப்பு உருவாகிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றது. தனிமனிதர், தொழில் நிறுவனங்கள், உள்ளூர் அதிகாரிகள் எனப் பல தரப்பினர்க்கும் அதில் இடம் இருந்தது. ஆலைகளுக்குத் திறமையான தொழிலாளர் தேவை. பெற்றோருக்குப் பிள்ளைகளின் எதிர்காலம் தேவை. ஊராட்சிக்கு ஊரின் வளர்ச்சி தேவை. தேவைகள் வெவ்வேறாயினும், அவற்றை மறைக்காமல் ஒரே மேசையில் வைத்துப் பேச அக்கழகம் இடம் கொடுத்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதுபோல. ஒவ்வொருவர் கையிலும் வடம் இருந்தது.

திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில், சிறு குழுக்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்ளலாகாது என்று கற்பித்தார். குருமடத்தில் நாம் துணைமைக் கோட்பாடு என்று படித்துத் தேர்வெழுதி மறந்த பாடம் அது. மோந்திராகோனில் அது பள்ளியாக உருப்பெற்றது.

வேலையும் படிப்பும்

பள்ளியில் தேறிய இளைஞருள் பதினொருவர் மேற்படிப்பை நாடினர். ஊரை விட்டுப் போய்ப் பல்கலைக்கழகத்தில் தங்கிப் பயில அவர்களுக்கு வசதி இல்லை. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. சராகோசா நகரத்துக் கல்வி நிறுவனத்தோடு ஹோசே மரியா பேசி, பகலில் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூரில் பயிலவும், தேர்வுக்கு மட்டும் அங்குச் செல்லவும் இசைவு பெற்றார். 1952இல் அவர்கள் தொழில்நுட்பப் பட்டம் பெற்றனர்.

அவர்களுள் ஐவர் 1956இல் 'உல்கோர்' என்னும் கூட்டுறவு ஆலையை நிறுவினர். ஐவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைந்த பெயர் அது. மண்ணெண்ணெய் அடுப்பு செய்வதில் தொடங்கிய அவ்வாலைக்கு ஊரார் தம் சேமிப்பை நம்பிக் கொடுத்தனர். உழைப்போரே உரிமையாளர், ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அதன் நெறி. 1959இல் அவர்களுக்கெனக் கூட்டுறவு வங்கி எழுந்தது. கூட்டுறவு ஆலைகள் தம் உபரியில் பத்தில் ஒரு பங்கைக் கல்விக்கும் சமூகப் பணிக்கும் ஒதுக்கின. பள்ளி ஆலையை ஈன்றது. ஆலை பள்ளியைப் பேணியது.

1966இல் தோன்றிய 'அலெக்கோப்' என்னும் மாணவர் கூட்டுறவு இவ்வுறவின் சிறந்த கனி எனலாம். மாணவர் நாளின் ஒரு பாதியில் படித்தனர். மறு பாதியில் கூலி பெற்று உழைத்தனர். அக்கூலி அவர்தம் படிப்புச் செலவுக்கு உதவியது. ஏழை மாணவர் யாரிடமும் கையேந்தாமல் கற்க முடிந்தது. அதன் நிர்வாகத்தில் மாணவர்க்கும் இடம் இருந்தது.

ஹோசே மரியா 1976 நவம்பர் 29ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் தொடங்கிய பள்ளி வளர்ந்து, வேறு கல்வி நிறுவனங்களோடு இணைந்து, 1997இல் மோந்திராகோன் பல்கலைக்கழகம் ஆயிற்று. பணியாளர், மாணவர், துணைநிற்கும் நிறுவனங்கள் என்னும் முத்தரப்பினரும் சேர்ந்து ஆளும் முறை அங்கே அமைந்தது. 2015 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிசு அவரை வணக்கத்திற்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.

குறைகளும் சோதனையும்

இவ்வூரை விண்ணகம் என்று நாம் வருணிக்க வேண்டியதில்லை. தொடக்கக் காலக் கதையில் பெண்களின் முகம் அரிதாகவே தெரிகிறது. மணமான பெண்களுக்கு வேலைவாய்ப்பு அளிக்கும் கூட்டுறவு 1969இல்தான் தோன்றியது. 1974இல் உல்கோர் ஆலையில் வேலைநிறுத்தம் எழுந்தது. அதை முன்னின்று நடத்தியோர் வெளியேற்றப்பட்டனர். உரிமையாளராகிய தொழிலாளரே தம் தோழரை வெளியேற்றிய அந்நிகழ்ச்சி ஊரில் நெடுநாள் கசப்பை விட்டுச் சென்றது.

மிகப் பெரிய சோதனை 2013இல் வந்தது. உல்கோரின் வழிவந்த 'பாகோர்' வீட்டுப்பொருள் ஆலை கடன் சுமையால் நொடித்து மூடப்பட்டது. மற்றக் கூட்டுறவுகள் பல ஆண்டுகள் கைகொடுத்த பின்னும் அதைக் காப்பாற்ற இயலவில்லை. ஆயினும் உறுப்பினராயிருந்த தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பிற கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. வேறு நாடுகளில் அதே நிறுவனத்திற்கு உழைத்தும் உறுப்பினர் ஆக்கப்படாதோர்க்கு அப்பாதுகாப்பு கிடைக்கவில்லை. மேசையில் இடம் பெற்றவரைக் கூட்டுறவு தாங்கியது. இடம் பெறாதவரைத் தாங்கவில்லை. இவ்வுண்மை நம் நெஞ்சைத் தைக்க வேண்டும்.

நமக்குரிய பாடம்

ஆலை மூடினாலும் பள்ளி மூடவில்லை. 20 பேரோடு தொடங்கிய அப்பள்ளியின் வேர் ஒரு குருவின் ஆற்றலில் மட்டும் இருந்திருந்தால், அவர் கல்லறையோடு அதுவும் முடிந்திருக்கும். குருக்களாகிய எங்களுக்கு இதில் ஒரு கண்டிப்பு உண்டு: நாங்கள் கட்டியவற்றின் திறவுகோலை எங்கள் இடுப்பிலேயே முடிந்துகொள்ளும் பழக்கம் எங்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. பொதுநிலையினராகிய உங்களுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. கட்டணம் கட்டினோம், விழாவிற்கு நன்கொடை கொடுத்தோம், எங்கள் கடமை முடிந்தது என்று திரும்பிவிடும் பழக்கம் உங்களிடையே இல்லையா?

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனின் பெயரை நற்செய்தி கூறவில்லை. அவன் கொடுத்தது சிறிது; ஆனால் அவனிடம் இருந்தது அவ்வளவே. மோந்திராகோன் தெருமுனையில், பணம் இல்லாமல் தன் மாலை நேரத்தை எழுதிப் பெட்டியில் இட்ட தொழிலாளியின் பெயரும் நமக்குத் தெரியாது. அச்சீட்டை இட்ட நாள் முதல் அது அவன் பள்ளி ஆயிற்று. நம் பங்குப் பள்ளியின் ஆண்டுக் கூட்டத்திற்கு அழைப்பு வரும்போது, உண்டியலில் போடும் காசோடு நம் நேரத்தையும் கருத்தையும் கொண்டு செல்வோமாக. அங்கே நமக்கு ஒரு நாற்காலி இல்லையெனில், அதை உரிமையோடும் அன்போடும் கேட்போமாக. கேட்கும் மக்களுக்கு அந்நாற்காலியை எடுத்துப்போட எங்களுக்கும் இறைவன் மனம் தருவாராக.