ஆலங்குடாவும் நீரச்சத்தின் சமூக வரலாறும்

நீருக்கு அஞ்சுதல் குழந்தையின் இயல்பு என்று கொள்வது வழக்கு. ஆயின் அவ்வச்சத்தை எவர், எத்தேவை கருதிப் போக்க முற்பட்டனர் என்று நோக்குமிடத்து, அது ஒரு சமூகப் பிரச்சினையாகவே நமக்குப் புலப்படுகின்றது.

தொடித்தலை விழுத்தண்டினாரின் புறநானூற்றுப் பாடலில் (243) வரும் சிறுவன் மரக்கிளையிலிருந்து மடுவிற் பாய்ந்து அடிமணலை அள்ளி வருகிறான்; மகளிரும் உடன் நீராடுகின்றனர். அங்கு நீர்ப்பயிற்சி விளையாட்டோடு இணைந்தது. கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வடக்கே, சிலாவத்துறை, அரிப்பு ஆகிய இடங்களையடுத்த முத்துப்படுகைகளில் அது கூலியுழைப்பாயிற்று. குளிப்பவன் கல்லின் பாரத்தால் ஆழத்தை அடைவான். தோணியில் நிற்கும் துணைவன் கயிற்றால் அவனை மேலே இழுப்பான். நீச்சலைவிடத் துணைவனின் விழிப்பே அவனுயிரைக் காத்தது. (கூட்டுழைப்பின் பொருளை இதனினும் துலக்கமாக விளக்குதல் அரிது.) சுறாவின் வாயைக் கட்டுவோராகக் கருதப்பட்ட ‘கடல்கட்டி’கள் மந்திரம் ஓதாவிடின் குளிப்போர் கடலில் இறங்கத் தயங்கினர். வருவாய் தடைப்படும் என்றஞ்சிய பிரித்தானிய ஆட்சியாளர், தாம் எள்ளிய அம்மந்திரவாதிகளையே பணிக்கமர்த்தினர்.

ஆலங்குடாவுக்கு மேற்கே திறந்த கடல். குடாநாட்டின் கிழக்கே புத்தளம் களப்பு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பலர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தபோது இங்கும் முகாம்கள் எழுந்தன. வந்தோருட் கடற்றொழிலாளர் மட்டுமன்றி வணிகரும் விவசாயிகளும் இருந்தனர். கடலோடு தொழிலுறவற்ற குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் கடலறிவு பெரும்பாலும் ‘கிட்டப் போகாதே’ என்னும் தடை ஒன்றே. கரையில் நிற்கும்வரை அத்தடை பயன்படும்; தவறி விழுந்தபின் பயன்படாது. தோட்டக் கிணறுகள் மலிந்த இம்மணற்பிரதேசத்தில் ஆபத்து கடலில் மாத்திரம் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவ்விறப்புகளுட் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை குறைந்த, இடைநிலை வருமான நாடுகளில் நிகழ்ந்தவை. வர்க்க வேறுபாடு நீரினுள்ளும் தொடர்கின்றது.

உயிர்காப்பு நீச்சல் போட்டி நீச்சலன்று. மூச்சை ஒழுங்குபடுத்தல், மல்லாந்து மிதத்தல், கரைநோக்கித் திரும்புதல் என்பனவே அதன் அடிப்படை. வங்காளதேசக் கிராமங்களில் குளத்தினுள் மூங்கில் மேடையமைத்து, நான்கு வயது முதலான பிள்ளைகளுக்கு இதனைக் கற்பித்துள்ளனர். பெருஞ்செலவில் நீச்சற்றடாகம் கட்டிய பின்னரே தொடங்கலாம் என்னும் வாதம் இதனால் வலுவிழக்கின்றது. களப்பின் ஆழங்குறைந்த ஓரமொன்றை வேலியிட்டு ஆலங்குடாப் பிள்ளைகளுக்கும் பயிற்சி அளிக்கலாம். பெண்பிள்ளைகள் விலகி நில்லாதிருக்கப் பெண் பயிற்றுநர் வேண்டும். அவர்களுக்கு ஊதியமும் வேண்டும். முத்தெடுக்க வேண்டியிருந்தபோது கடல்கட்டிகளுக்கு அரசு அதனை வழங்கியது.