யாருக்கு வக்கீல், அரசு வக்கீல்?

தாம்பரத்தில் தினமும் என்னோடு ரயில் ஏறும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், சம்பளம் குடுக்கறது கவர்ன்மென்ட். அப்ப அரசு வக்கீல் கவர்ன்மென்ட் சொல்றதைத்தானே கேக்கணும்?" கிண்டி வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதான் இந்தக் குறிப்பு.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. 2024 வரை அமலில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி அரசு வக்கீலை நியமித்தது அரசு. ஆனால் அதன் 321-ஆம் பிரிவுப்படி வழக்கை வாபஸ் வாங்கணும்னா மனு போட வேண்டியிருந்தவர் அவர், சம்மதிக்க வேண்டியிருந்தது நீதிமன்றம். அரசு நேரடியாகப் போய் "விட்டுட்டோம்" என்று சொல்ல முடியாது. நாற்காலி அரசு கொடுத்தது, கடமை நீதிமன்றத்துக்கு. சரி, அரசாங்கத்தை நடத்துபவரே குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால்?

நம்ம ஊரிலேயே அது நடந்தது. 1991-96 காலத்துச் சொத்துக்குவிப்பு வழக்கு சென்னை தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, 2001-ல் ஜெயலலிதா மறுபடி முதல்வரானார். அரசு வக்கீல் மாறினார். ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கச் சொல்லி அரசுத் தரப்பு கேட்கவே இல்லை. திமுக பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 18.11.2003 அன்று வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அரசு வக்கீல் நடந்துகொண்ட விதத்தையும் அந்தத் தீர்ப்பு கடுமையாகச் சாடியது. இனி வக்கீலை நியமிக்க வேண்டியது கர்நாடக அரசு, அதுவும் அங்குள்ள தலைமை நீதிபதியைக் கலந்து.

2005-ல் பி.வி. ஆச்சார்யா வந்தார். கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். 2012-ல் விலகினார். அடுத்து வந்தவர் பவானி சிங். 2013-ல் கர்நாடக அரசு அவரை நீக்கப் பார்த்தபோது, நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் போனது யார் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்ட தரப்பு! ஜெயித்ததும் அவர்கள்தான். ஆனாலும் அதே பவானி சிங் நடத்திய விசாரணையில்தான் 27.9.2014 அன்று நீதிபதி குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். ஆகவே "வக்கீல் சரியில்லை, வழக்கு போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

மேல்முறையீட்டில் பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு. அதற்கு அந்த அதிகாரமே இல்லை என்று 27.4.2015 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்குள் வாதம் முடிந்திருந்தது. மறுவிசாரணை கிடையாது, எழுத்துபூர்வ வாதம் மட்டும் கொடுக்கலாம், அதுவும் மறுநாளுக்குள். திரும்ப வந்த ஆச்சார்யா சுமார் இருபது பக்கத்தில் அதைச் செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேலான பக்கங்கள் கொண்டதாகச் சொல்லப்படும் வழக்கு அது.

11.5.2015 அன்று எல்லோரும் விடுதலை. தீர்ப்பின் கூட்டலில் பிழை இருப்பதை ஆச்சார்யா உடனே சுட்டிக்காட்டினார். பட்டியலில் உள்ள கடன்களைக் கூட்டினால் 10.67 கோடி; தீர்ப்பில் 24.17 கோடி. வருமானத்தை மிஞ்சிய சொத்து வெறும் 8.12 சதவீதம் என்ற முடிவு அந்தக் கணக்கின் மேல் நின்றது. கர்நாடகம் மேல்முறையீடு செய்தது. 14.2.2017 அன்று உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை மீட்டது. ஜெயலலிதா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மற்ற மூவரும் சிறை சென்றார்கள்.

நான் இதில் பார்ப்பது இதுதான். நீதிபதி முன்னால் வைக்கப்பட்டதை வைத்துத்தான் தீர்ப்பு எழுத முடியும். எதை வைப்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பது அரசு வக்கீல் கையில் இருக்கிறது. 64 பேர் மாற்றிப் பேசியபோது அங்கே எழாத ஒரு கேள்விதான் வழக்கை மாநிலம் தாண்ட வைத்தது.

நண்பருக்கு என் பதில்: சம்பளம் கவர்ன்மென்ட் குடுக்குது சார். ஆனா அந்தப் பணம் நீங்களும் நானும் கட்டறதுதானே?