மழைநாளில் பொழுதறிந்த மகளிர்

பழந்தமிழர் ஆண்டினைப் பெரும்பொழுதுகளாகவும் நாளினைச் சிறுபொழுதுகளாகவும் பகுத்துக் கண்டனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஆயின், கதிரவன் முகமே தோன்றாத அடைமழை நாளில் வீட்டினுள் இருந்தோர் பொழுதினை எங்ஙனம் அறிந்தனர்? இவ்வினாவிற்குரிய விடையைச் சங்கப் பாடல்கள் வீட்டுப் பூக்களிடத்தே வைத்துள்ளன.

அகநானூற்றின் 23ஆம் பாடல் ஒரோடோகத்துக் கந்தரத்தனார் பாடியது. பொருள்தேடிப் பிரியும் தலைவன், மனையிலுள்ள நொச்சியைச் சுற்றிப் படர்ந்த மௌவற்கொடியைச் சுட்டி, அது பூக்கும் பருவத்தில் மீள்வதாக உரைத்துச் செல்கிறான். மழை பெய்து ஓய்ந்தது, மௌவலும் மலர்ந்தது, அவன் வரவில்லை. வீட்டுக்கொடியே நாட்காட்டியாக நின்று, சொன்ன சொல் பிழைத்ததைத் தலைவிக்கு உணர்த்துகிறது.

மௌவல் பருவத்தைக் காட்டிற்று எனில், பித்திகம் நாழிகையைக் காட்டிற்று. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, 188 அடிகளில் கூதிர்க்கால நகரையும் அரண்மனையையும் பாசறையையும் காட்டுவது. முகில் கவிந்து பகலும் இரவும் வேறுபாடின்றிக் கிடந்த அந்நாளில், மகளிர் பறித்த பித்திகத்தின் அரும்புகளைப் பிடகை எனப்படும் பூந்தட்டில் இட்டு வைக்கின்றனர். பித்திகம் என்பது பிச்சிப்பூ. அரும்பு அவிழ்ந்து மணம் பரவியதும் மாலை வந்தது என உணர்கின்றனர். இரும்பு விளக்கில் நெய் தோய்ந்த திரியை ஏற்றுகின்றனர். நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர்.

இக்காட்சியை அடுத்தே புலவர் மனைப்புறாவைக் காட்டுகிறார். பொழுது தெரியாது மயங்கிய அப்புறா இரைதேடவும் செல்லாது இருந்த இடத்திலேயே கால்மாற்றி நிற்கிறது. பறவையும் தடுமாறிய பொழுதினை மகளிர் தடுமாறாது அறிந்தனர் என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும். கொடியினின்று பிரிந்த பின்னும் அரும்பு தனக்குரிய வேளையில் விரியும் என்பது அவர்கள் நாள்தோறும் பூக்கொய்து, கண்டு தேர்ந்த அறிவாகும். செடிகள் இருளில் வைக்கப்பட்ட போதும் தம் பொழுதினைக் காக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் 1729இல் ஒரு செடியின் இலைகளை ஆராய்ந்து எழுதினார். தமிழகத்து மகளிர்க்கு அதனைக் கற்பித்தது பூந்தட்டே.

குளிர் மிகுந்த அந்நாளில் அவர்கள் மாலை தொடுத்துச் சூடவில்லை. கூந்தலில் சில மலர்களே பெய்தனர். அணிக்குரிய மலர் குறைந்தபோதும் வழிபாட்டிற்குரிய மலர் குறையவில்லை. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டிலும், கார்கால மாலையில் முதுபெண்டிர் நாழி நெல்லும் முல்லைமலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். இவ்விரு பாட்டுக்களிலும் தலைவன் போர்ப்பாசறையில் உள்ளான். வீட்டிலிருப்போர்க்குப் பொழுதறிதல் என்பது, அவன் வாராத மற்றொரு நாள் கழிந்ததை அறிதலேயாகும். விளக்கேற்றும் வேளையைச் சொன்ன அதே அரும்பு, காத்திருப்பின் அளவினையும் சொல்லிற்று.

வரலாறு எனின் அரசரும் போரும் என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. நெடுநல்வாடையில் அரசன் பெயர் இல்லை. வேப்பந்தழை யாத்த வேலினைக் கொண்டே அவன் பாண்டியன் என உணரப்படுகிறான். நெடுஞ்செழியன் என்பது பின்னோர் குறித்தது. பித்திகத்தின் பெயரோ பாட்டில் ஐயமின்றி நிற்கிறது. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது, வேந்தனது வெற்றியோடு பெயரறியா மகளிரின் பூந்தட்டும் அச்சேறியது. மழைநாளில் பூக்கொய்து தட்டிலிட்ட கைகளும் தமிழக வரலாற்றில் இடம்பெறத்தக்கவை என்பதற்கு அச்சில அடிகளே சான்று.