வெண்மணியை எந்தக் கோட்டில் வரைவது?

டிசம்பர் 25 நெருங்கினால் சுவரொட்டி வடிவமைக்க உட்காருகிறோம். 1968-இல் அந்த நாளில்தான் கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் நம் கை அதே தீயை, அதே உயர்த்திய முட்டியைத்தான் வரைகிறது. எந்த ஊர்ப் போராட்டத்துக்கும் பொருந்தும் படம் அது. வெண்மணி அதில் இல்லை.

தோழர்களே, 'பீமாயணா' படக்கதைப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் அதை 2011-இல் நவயானா வெளியிட்டது. எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடியினரான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம்.

பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள். 'பானா' என்னும் நரம்புக் கருவியை இசைத்துக் கதை பாடியவர்கள். அவர்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் வரையும் கோலம் 'டிக்னா'. 1980-களில் ஜன்கர் சிங் ஷியாம் தம் மக்களின் ஓவியத்தைத் தாளுக்கும் கான்வாசுக்கும் கொண்டுவந்தார். வியாம் இணையர் அந்த வழியில் வந்தவர்கள்.

கதையைக் கட்டங்களுக்குள் அடைக்க இவர்கள் மறுத்தார்கள். பக்கத்தை டிக்னா வளைவுகளே பிரிக்கின்றன. கனிவான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழ். சாதி நஞ்சு கக்கும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. மரபு இங்கே ஓரத்து அலங்காரம் அல்ல, கதை சொல்லும் மொழி.

டிக்னாவை நகலெடுத்து ஒட்டுவது நமக்கான பாடம் அல்ல. அது அவர்களுடைய உழைப்பு. நம்முடையது எது?

தஞ்சாவூர்ப் பாரம்பரியம் என்றால் தங்கத் தகடு ஒட்டிய கடவுள் படத்தைக் காட்டுகிறார்கள். கூலி நெல் அளந்த மரக்காலையும் கதிர் அரிவாளையும் சேற்றில் குனிந்த நடவு வரிசையையும் யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

வந்ததையெல்லாம் மரபென்று சுமக்கவும் வேண்டாம். சாவுக்கு அடிக்கச் சொல்லிப் பறையைக் கட்டாயமாக்கினார்கள். அந்த அடிமைத் தொழிலை மறுத்ததும் நம் வரலாறு, அதே பறையை விடுதலை மேடையில் அடித்ததும் நம் வரலாறு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை நாமே தீர்மானிப்போம்.

இந்த முறை கணினியைத் திறக்கும் முன் நம் தெருப் பாட்டிகளிடம் போவோம். கூலி நெல்லை எப்படி அளந்தார்கள், எப்படிக் குறைத்தார்கள் என்று கேட்போம். முதல் கோட்டை அங்கிருந்து இழுப்போம்.