உரிமைப்பேறும் குடிமனையும்: எபேசியர் நிருபத்தைத் திருவள்ளூரில் வாசித்தல்

கிறிஸ்துவுக்குள் விசுவாசிகள் பெற்ற ஆவிக்குரிய ஆசீர்வாதங்களை எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரம் ஒரே மூச்சில் சொல்கிறது: உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொள்ளப்பட்டது, பிள்ளைகளாக ஏற்கப்பட்டது, மீட்பு, பாவமன்னிப்பு, உரிமைப்பேறு, பரிசுத்த ஆவியின் முத்திரை. கிரேக்க மூலத்தில் 3 முதல் 14 வரையுள்ள வசனங்கள் ஒரே வாக்கியம். இவை பரலோகத்துக்கு மட்டுமே உரியவை என்று போதிப்பது நம் பிரசங்க மேடைகளில் பெருவழக்கு. அந்த வாசிப்பு நிருபத்துக்கே பொருந்தாது என்பது என் வாதம். திருவள்ளூர் வட்டார வரலாறு அதற்கு வலுவான சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி திருவள்ளூரில் ஊழியம் செய்தார். அவர் பணியாற்றியது பெரும்பாலும் சேரிகளில் வாழ்ந்த பண்ணையாட்களிடையே. குடிசை நின்ற மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்தால் வெளியேற வேண்டியதுதான். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து, அதாவது மனு, கொடுத்தாலும் முன்னுரிமை மிராசுதாருக்கே. கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்த நிலையை அரசின் முன் வைத்தது. 1892 அரசாணையோடு, பின்னாளில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற, ஒடுக்கப்பட்ட மக்களுக்கான நில ஒதுக்கீடு தொடங்கிற்று.

அந்தப் பண்ணையாட்களில் கிறிஸ்தவர்களானோரைச் சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று ஏளனம் செய்தார்கள். மிஷனரிகளுக்குள்ளேயே அந்தச் சந்தேகம் இருந்தது. ஆத்துமாவையும் குடிமனையையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பவருக்கே அப்படிப் பேச வரும். நாளை குடிசை நிற்குமா என்று தெரியாத ஒருவர், தாம் தேவனுடைய வீட்டார் என்று இந்த நிருபத்தில் கேட்கும்போது, அந்தச் சொல் அவருடைய வாழ்க்கை முழுவதையும் தொடாமல் எப்படி இருக்கும்?

எதிர்ப்புறத்தில் செழிப்பு உபதேசம் நிற்கிறது: காணிக்கை போடு, வீடும் காரும் வரும் என்பது. இது பரலோகத்துக்கு மட்டும் என்ற வாசிப்பைவிட ஆபத்தானது என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஏழையின் நம்பிக்கையையே விலைக்கு வைக்கிறது. நிருபத்தில் ஆசீர்வாதம் கூலியல்ல, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. எதையும் சம்பாதிக்கும் முன்பே விசுவாசி பிள்ளை. மிராசுதாரை மீறி மனு எழுதும் துணிவு அந்த நிலையிலிருந்து பிறக்கலாம். பட்டா கிடைக்காமல் போனாலும் அந்த நிலை குறைவதில்லை.

முதல் அதிகாரத்தின் உரிமைப்பேறு இரண்டாம் அதிகாரத்தில் யூதரையும் புறஜாதியாரையும் பிரித்த நடுச்சுவரை இடிக்கிறது. அந்நியராயிருந்தவர்கள் ஒரே நகரத்தாராகிறார்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் இதை வாசிக்கும் சபைக்கு அருகிலேயே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்னும் இந்தியக் குடிமக்கள் அல்லர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சலுகை அளித்த நாடுகளில் இலங்கை இல்லை. முகாமில் எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். அதனால் வாதம் மாறிவிடாது. அந்நியர் என்ற நிலை தேவனால் நீக்கப்பட்டது என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சபை, அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையை வெறும் அரசியல் என்று தள்ளிவைக்க அந்த நிருபத்திலிருந்து ஆதாரம் காட்ட முடியாது.