பணியாளர் ஊக்கமும் நிறுவனப் பண்பாடும் (முதலீட்டில்)

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று எடைபோடும்போது இலாபம், கடன், பங்கு விலை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கப்படும், எண்களில் எளிதில் பிடிபடாத கூறுகள் இவை. வேலை செய்பவர்கள் மனமொன்றி உழைக்கிறார்களா, தவறைக் கண்டால் மேலதிகாரியிடம் பயமின்றிச் சொல்ல முடிகிறதா, அனுபவசாலிகள் நிலைத்திருக்கிறார்களா என்பவை இதில் அடங்கும்.

கணக்குப் புத்தகத்தில் இவற்றுக்கு இடமில்லை. ஆலையில் புதிதாக இறக்கும் இயந்திரம் சொத்துப் பட்டியலில் ஏறும். அதை ஓட்டுபவருக்குத் தரும் பயிற்சியோ அந்த ஆண்டின் செலவாகவே எழுதப்படும். பணியாளர் நாளைக்கே வேறிடம் போகலாம், அவர்மீது நிறுவனத்துக்குப் போதிய கட்டுப்பாடு இல்லை என்பது கணக்கியல் தரநிலை (இந்தியாவில் இந்த் ஏஎஸ் 38) சொல்லும் காரணம். ஆகவே பயிற்சியை வெட்டிய காலாண்டில் இலாபம் கூடித் தெரியும். அதன் நட்டம் பின்னால்தான் வரும்.

அமெரிக்க முதலீட்டாளர் பிலிப் ஃபிஷர் 1958இல் வெளியிட்ட நூலில் நிறுவனத்தைச் சோதிக்க 15 கேள்விகளை வைத்தார். தொழிலாளர் உறவும் நிர்வாகிகளுக்கிடையிலான உறவும் அவற்றுள் இரண்டு. விடையை ஆண்டறிக்கையில் தேடாமல் போட்டியாளர், சரக்கு தருவோர், முன்னாள் பணியாளர் ஆகியோரிடம் விசாரிக்கச் சொன்னார். பெண் கொடுக்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போன்ற வேலைதான்.

பணியாளர் மனநிறைவு பங்கு ஆதாயத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதற்குப் பொருளியலாளர் அலெக்ஸ் எட்மன்ஸ் 2011இல் எண் கொடுத்தார். அமெரிக்காவில் வேலை செய்யச் சிறந்தவை எனப் பட்டியலிடப்பட்ட 100 நிறுவனங்களை 1984 முதல் 2009 வரை ஆராய்ந்ததில், அவற்றின் பங்குகள் இடரைக் கழித்துப் பார்த்த பிறகும் ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம் கூடுதல் ஆதாயம் தந்திருந்தன. பட்டியல் ஊரறிய வெளியானது. இருந்தும் சந்தை அதை உடனே விலையில் சேர்க்கவில்லை. ஆளை எடுப்பதும் நீக்குவதும் சட்டத்தால் கடினமான நாடுகளில் இந்தப் பலன் குறைவு என்பது அவர் பிற்பாடு பங்கேற்ற ஆய்வின் முடிவு.

பண்பாடு கெட்டதற்குப் பெயர்போன உதாரணம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுச் சேவைகளைக் கட்டிவிட வேண்டும் என்ற நெருக்கடியில், கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குள் சுமார் 5,300 பேரை வங்கி வேலைநீக்கம் செய்திருந்தது. புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வேதான் அப்போது அதன் மிகப்பெரிய பங்குதாரர். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: இலக்கு நெருக்கடி பற்றி ஊழியர்கள் சொன்னது 2013லேயே லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழில் வந்துவிட்டது. ஃபிஷர் சொன்ன விசாரணைக்கான விடை அங்கேயே கிடந்தது.

இந்தியாவில், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள் 2022–23 முதல் பிஆர்எஸ்ஆர் எனும் பொறுப்புடைமை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கட்டாயமாக்கியது. அதன் முதல் பகுதியில் பணி விலகல் விகிதம், அதாவது சந்தைக்காரர்கள் சொல்லும் ‘அட்ரிஷன்’, மூன்று ஆண்டுகளுக்கு ஆண், பெண் வாரியாக இருக்கும். பெண்களின் விகிதம் மட்டும் ஆண்டுக்காண்டு ஏறினால் தலைவரின் உரையைவிட அந்தக் கட்டம் அதிகம் பேசும். ஆனால் அது நிரந்தரப் பணியாளர்களுக்கான கட்டம். ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பது அதில் வராது.