செவ்வாய் மனிதருக்கு ஏற்ற உலகமா?

இரவு வானிலே செந்நிறமாய் ஒளிரும் செவ்வாய்க் கிரகம் பலவகையிற் பூமியை ஒத்தது. அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதற்கு 24 மணி 37 நிமிடம் கொள்ளும். அதன் அச்சு பூமியின் அச்சைப் போலவே சாய்ந்திருத்தலால் அங்கும் பருவங்கள் மாறி வருகின்றன. துருவங்களிற் படிந்துள்ள வெண்பனி கோடையிற் சுருங்கிக் குளிர்காலத்திற் பரவுகின்றது. இத்துணை ஒற்றுமைகளைக் கண்ட மனிதர், அங்கும் உயிர்கள் வாழக்கூடும் என எண்ணியதில் வியப்பில்லை. அவ்வெண்ணம் வளர்ந்து பின் தளர்ந்த வரலாறு, ஒரு கிரகம் மனித வாழ்வுக்கு ஏற்றதாவது எதனால் என்பதைத் தெளிவாக உணர்த்தும்.

1877 ஆம் ஆண்டிலே செவ்வாய் பூமியை மிக நெருங்கி வந்தது. அப்போது மிலான் நகரில் அதனை ஆராய்ந்த இத்தாலிய வானநூலறிஞர் சியாப்பரெல்லி, அதன் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் பலவற்றைக் கண்டு, அவற்றிற்குக் ‘கனாலி’ எனப் பெயரிட்டார். இத்தாலிய மொழியில் அச்சொல் இயற்கையான நீரோடையையும் குறிக்கும். மனிதர் வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்திற் புகுந்தபோது ‘கால்வாய்’ என்னும் பொருளே நிலைத்துவிட்டது. சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டு எட்டு ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. கால்வாய் என்றால் அதனை வெட்டியவர் யார் என்னும் வினா எழாதிருக்குமா?

அவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டவர் பேர்சிவல் லோவெல் என்னும் அமெரிக்கச் செல்வர். அவர் 1894 இல் அரிசோனாவிலே சொந்தமாக ஒரு வானாய்வு நிலையம் அமைத்துச் செவ்வாயை நோக்கினார். வறண்டு வரும் தம் உலகைக் காக்க, அறிவு மிக்க மக்கள் துருவப் பனி உருகிய நீரைக் கால்வாய்கள் வழியே வயல்களுக்குக் கொண்டு செல்கின்றனர் என்பது அவர் கொள்கை. செவ்வாயின் சராசரி வெப்பநிலை தென் இங்கிலாந்தின் வெப்பநிலையை ஒத்தது எனவும் அவர் கணித்தார். அவருடைய நூல்களைப் பல்லாயிரவர் விரும்பிப் படித்தனர்.

லோவெலை மறுத்தோருள் முதன்மையானவர் வானநூலறிஞர் அல்லர். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைச் சாராது தாமும் கண்டறிந்த அல்பிரட் ரசல் வாலஸ் ஆவார். 1907 ஆம் ஆண்டில், தமது 84 ஆவது வயதில், செவ்வாய் வாழத்தக்கதா என ஆராயும் சிறுநூல் ஒன்றை அவர் வெளியிட்டார். செவ்வாய் பெறும் சூரிய வெப்பம் பூமி பெறுவதிற் பாதிக்கும் குறைவு. பெற்ற வெப்பத்தைப் போர்வைபோற் காக்கும் காற்றும் அங்கு மிக மெல்லியது. ஆகவே அவ்வுலகம் நீரின் உறைநிலைக்கும் மிகக் கீழான குளிரில் இருத்தல் வேண்டும். பாலைநிலத்தின் ஊடே திறந்த கால்வாயில் நீரை விடுவது அறிவுடையோர் செய்யும் செயலன்று என்பது அவர் வாதம். பூமியே பேரண்டத்திற் சிறப்பிடம் பெற்றது என்ற நம்பிக்கையும் வாலஸுக்கு இருந்தது. அந்நம்பிக்கையைப் பிற்கால வானநூல் ஏற்கவில்லை. ஆனால் செவ்வாயைப் பற்றிய அவர் கணிப்பு நிலைத்தது.

கோடுகள்தாம் யாவை? 1903 இல் இங்கிலாந்தின் வானநூலறிஞர் மோண்டர், கிறீனிச்சிற் பள்ளிச் சிறுவர்க்கு ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் கொண்ட படங்களைத் தூரத்தில் வைத்துக் காட்டி, கண்டவாறே வரையச் செய்தார். இடைத்தூரத்தில் அமர்ந்த சிறுவர் பலர் நேர்கோடுகளையே வரைந்தனர்! 1909 இல் அந்தோனியாடி பிரான்சின் பெருந்தொலைநோக்கி வழியே நோக்கியபோது, கோடுகள் மறைந்து ஒழுங்கற்ற திட்டுகளே தோன்றின. கண் புள்ளிகளை இணைத்தது. விருப்பம் அவற்றைக் கால்வாயாக்கிற்று.

இறுதித் தீர்ப்பு 1965 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வந்தது. மரினர் 4 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்று 22 படங்களை எடுத்தனுப்பியது. அவற்றிலே கால்வாய் எதுவும் இல்லை. சந்திரனிற் போன்ற பள்ளங்களே இருந்தன. படங்களினும் முக்கியமான செய்தியைத் தந்தவை வானொலி அலைகள். விண்கலம் செவ்வாயின் பின்னால் மறையும் வேளையில், அதன் அலைகள் அங்குள்ள காற்றை ஊடுருவி வந்தன. அவை அடைந்த மாற்றத்தைக் கொண்டு காற்றின் அமுக்கம் 4 முதல் 7 மில்லிபார் எனக் கணிக்கப்பட்டது. பூமியிற் கடல்மட்ட அமுக்கமோ 1013 மில்லிபார். செவ்வாயின் காற்று பெரும்பாலும் காபனீரொட்சைட்டே. சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 60 சதம பாகை. அத்தகைய அமுக்கத்தில் மனித உடலின் வெப்பமே நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது.

ஆயினும் செவ்வாய் என்றும் அவ்வாறு இருந்ததில்லை. 1971 இல் அதனைச் சுற்றத் தொடங்கிய மரினர் 9, வறண்ட ஆற்றுப் படுகைகளைக் கண்டது. ஒருகாலத்தில் அங்கு நீர் ஓடியது. அந்த நீருக்கு நேர்ந்தது யாது? செவ்வாயின் திணிவு பூமியின் திணிவிற் பத்திலொரு பங்கே. அதன் ஈர்ப்பு குறைவு. அதன் உட்கருவும் விரைந்து குளிர்ந்து, காந்தப் புலத்தை இழந்தது. காப்பில்லாத காற்றைச் சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துணிக்கைகள் சிறிது சிறிதாகக் கவர்ந்து சென்றன. 2014 இல் அங்குச் சென்ற மேவன் விண்கலம் அவ்விழப்பை நேரில் அளந்தது.

பருமன் மட்டும் போதுமா எனின், அதுவும் போதாது. வெள்ளி பருமனிற் பூமியை ஒத்தது. ஆனால் தடித்த காபனீரொட்சைட்டுப் போர்வையால் அதன் நிலம் ஏறத்தாழ 460 பாகை வெப்பத்தில் வேகின்றது. ஏற்ற தூரம், காற்றைப் பிடித்துவைக்கும் திணிவு, அளவான போர்வை, நிலைத்த நீர் ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைதல் வேண்டும். அவை அமைந்த பின்னரும் மனிதன் சுவாசிக்கும் ஒட்சிசன் தானே வந்துவிடாது. பூமியில் அதனை உண்டாக்கியவை நுண்ணுயிர்களே. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அது காற்றில் நிலைபெறத் தொடங்கிற்று.

1995 முதல் ஏனைய சூரியன்களைச் சுற்றும் கிரகங்கள் ஆயிரக்கணக்கிற் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ‘வாழத்தக்க தூரத்தில்’ உள்ளது என்னும் செய்தி வரும்போதெல்லாம், லோவெலின் கால்வாய்களையும் வாலஸின் கணக்கையும் நினைத்தல் நன்று. தூரம் வீட்டின் மனை மட்டுமே; கூரையும் கிணறும் வேறு. அவை மூன்றும் அமைந்து, முன்னோராகிய சிற்றுயிர்கள் கோடானுகோடி ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்ட வீடு, மனிதர் இதுவரை அறிந்த அளவில் ஒன்றே. அதன் காற்றையும் நீரையும் பேணுதல் அதில் வாழ்வோர் கடமை.